ஓட்டியவர் உள்ளம்

மனுநீதிச் சோழனின் வரலாற்றைப் பள்ளியில் படிக்காதவர் உங்களுள் ஒருவரும் இரார். இளவரசன் தேரேறித் திருவாரூர் வீதியில் வருகிறான். துள்ளி ஓடிவந்த பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு உயிர் துறக்கிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைக்கிறது. அரசன் நீதி வழங்குகிறான். ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் இக்கதையை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். மணியோசையை வருணித்திருக்கிறேன், மன்னனின் நடுவுநிலைமையைப் போற்றியிருக்கிறேன்.

ஆனால் அந்த மணியோசைக்கு முன்னால் சேக்கிழார் பெருமான் வேறொன்றையும் சொல்லியிருக்கிறார். கன்று மாண்டபோது இளவரசனின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதே அது. அலறும் பசுவைப் பார்த்து அவன் பதைக்கிறான். நிலத்தில் கிடக்கும் கன்றைப் பார்த்துப் பெருமூச்செறிந்து நிற்கிறான். இதற்குக் கழுவாய் உண்டா என்று அறிந்தோரைத் தேடிச் செல்கிறான். பின்னர் அரசனிடம் பேசும் அமைச்சர், கன்று தானே தேர்க்காலிடையே புகுந்தது என்கிறார். அது உண்மைதான். எனினும் அந்த உண்மையால் இளவரசனின் பதைப்பு அடங்கவில்லை. இந்தப் பகுதியில் நான் ஒரு நாளும் வகுப்பை நிறுத்தியதில்லை. மணியோசைக்கு விரைந்துவிடுவேன்.

என் விரைவு தவறு என்று எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவர் ஒருவர். அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவர் பொருட்டு நான் தேடிப் படித்த வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தன்மேல் குற்றமில்லாமலே, தான் ஓட்டிய வண்டியினால் ஓர் உயிர் போகக் கண்டவரின் வரலாறு அது.

அந்த மாணவர் எங்கள் பள்ளியில் படித்து முடித்தபின் இருப்புப்பாதைப் பணியில் சேர்ந்தார். உதவியாளராகத் தொடங்கி எஞ்சின் ஓட்டுநராக உயர்ந்தார். ஒரு நாள் மாலை, பொழுது சாயும் நேரம். மூடியிருந்த ரயில்வே கேட்டின் குறுக்குக் கம்பிக்குக் கீழே குனிந்து, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் பாதையில் நுழைந்தார். ஓட்டுநர் ஊதலை ஒலித்தார். பிரேக்கை முழுவதும் அழுத்தினார். வண்டி நின்றது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தைக் கடந்து வெகுதூரம் சென்றபின் நின்றது. விசாரணையில் ஓட்டுநர்மேல் யாதொரு பிழையும் இல்லையென்று முடிவாயிற்று.

மூன்று வாரம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, “ஐயா, கடைசி நொடியில் அவர் திரும்பி என்னைப் பார்த்தார்” என்றார். நான் உடனே, “உன்மேல் தவறில்லையே தம்பி, விசாரணையிலும் அப்படித்தானே சொன்னார்கள்?” என்றேன். “தெரியும் ஐயா” என்றார். காப்பியைக் குடித்துவிட்டு விடைபெற்றுச் சென்றார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் அதைப்பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. அவர் கேளாத கேள்விக்கு நான் விடை சொல்லிவிட்டேன் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று.

மாணவர்களே, வண்டி ஏன் உடனே நிற்பதில்லை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். உருக்குத் தண்டவாளத்தின்மேல் உருக்குச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் பல நூறு டன் எடையை ஒரே எஞ்சின் எளிதில் இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் அந்த எடையை எளிதில் நிறுத்த முடிவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விரைவு வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. பிரேக்கை முழுவதும் போட்டாலும் அது நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டியிருக்கும். சாலையில் செல்பவர் வண்டியை ஒடித்துத் திருப்பலாம். எஞ்சின் ஓட்டுநருக்கு அந்த வழியும் இல்லை. ஊதலை ஒலிக்கலாம், பிரேக்கைப் போடலாம். அவ்விரண்டையும் செய்து முடித்தபின் அவர் கைகளுக்கு வேலை இல்லை. கண்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலைமை இருப்புப்பாதையோடு உடன்பிறந்தது. 1830-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறந்துவைக்கப்பட்டது. விழா வண்டிகள் தண்ணீர் பிடிப்பதற்காகப் பார்க்சைடு என்னுமிடத்தில் நின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் கீழே இறங்கி, வெல்லிங்டன் கோமகனோடு கைகுலுக்கச் சென்றார். அப்போது அடுத்த பாதையில் ‘ராக்கெட்’ என்னும் எஞ்சின் வந்தது. ஹஸ்கிசன் தடுமாறிப் பாதையில் விழுந்தார். இன்றுள்ளது போன்ற பிரேக் அந்த எஞ்சினில் இல்லை. சக்கரங்களை எதிர்த்திசையில் சுழலச் செய்துதான் அதை நிறுத்த வேண்டும். நேரம் போதவில்லை. ஜார்ஜ் ஸ்டீவன்சனே வேறோர் எஞ்சினை ஓட்டி, காயமுற்றவரை எக்கிள்ஸ் என்ற ஊருக்குக் கொண்டு சென்றார். அன்றிரவே ஹஸ்கிசன் உயிர் நீத்தார்.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை பாடமாகச் சொல்லியிருக்கிறேன். இறந்தவர் யார், கோமகன் யார், எஞ்சினின் பெயர் என்ன என்றெல்லாம் தேர்வில் கேட்டும் இருக்கிறேன். ராக்கெட்டை ஓட்டியவர் யார் என்று நான் கேட்டதில்லை. அவர் ஸ்டீவன்சனிடம் தொழில் பயின்ற ஜோசப் லாக். அப்போது அவருக்கு வயது 25. பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த இருப்புப்பாதைப் பொறியாளர்களுள் ஒருவராக விளங்கினார். நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஆனால் அந்த நாளைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அவர் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே செல்கின்றன.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு விபத்து நேர்ந்தது. 1865-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் ஊருக்கருகே பாலம் ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரையிலிருந்து லண்டனுக்கு வரும் அந்த வண்டியின் நேரம் கடலின் ஏற்றவற்றத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். வேலை மேஸ்திரி கால அட்டவணையில் வேறொரு நாளின் நேரத்தைப் பார்த்துவிட்டார். தண்டவாளம் கழற்றப்பட்டிருந்தபோது வண்டி வந்துவிட்டது. 1000 கெஜத்துக்கு அப்பால் நிற்க வேண்டிய சிவப்புக் கொடிக்காரர் 554 கெஜத்திலேயே நின்றிருந்தார். ஓட்டுநர் கொடியைக் கண்டபோது தூரம் போதவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். நாற்பது பேர் காயமுற்றார்கள்.

அவ்வண்டியில் பயணம் செய்தவர்களுள் ஒருவர் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். அவர் உடலில் பெருங்காயம் ஏதுமில்லை. தம் தொப்பியில் தண்ணீர் முகந்து வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்து உதவினார். ஆனால் அதன்பின் வண்டியில் ஏறினாலே அவர் நடுங்குவார். இந்த நடுக்கம் இறுதிவரை அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. சரியாக ஐந்தாண்டு சென்று, 1870-ஆம் ஆண்டு அதே ஜூன் 9-ஆம் நாள் அவர் மறைந்தார்.

விபத்துக்கு அடுத்த ஆண்டு டிக்கன்ஸ் ஒரு சிறுகதை எழுதினார். பள்ளத்தாக்கு போன்ற ஆழ்ந்த வெட்டில், சுரங்க வாயிலருகே தனியே இருந்து பணியாற்றும் கைகாட்டிக் காவலர் ஒருவரின் கதை அது. தன் கண்ணெதிரே நேர்ந்த விபத்துகளின் நினைவு அந்த மனிதரை வாட்டுகிறது. ஆபத்து வரப்போகிறது என்று உள்ளம் சொல்கிறது. எதைத் தடுப்பது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இறுதியில் அவரே வண்டியில் அடிபட்டு இறக்கிறார். கதை முடியுமுன் சில வரிகளில் எஞ்சின் ஓட்டுநர் வந்து நிற்கிறார். காண முடியாமல் ஒரு கையால் கண்களை மறைத்துக்கொண்டதையும், மறு கையைக் கடைசிவரை ஆட்டியதையும் அவர் சொல்கிறார். பேய்க்கதை என்று சொல்லி அதைப் பலர் படிக்கிறார்கள். கண்ணை மறைத்துக்கொண்ட அந்தக் கையைக் கண்டபோது எனக்கு என் மாணவர்தான் நினைவுக்கு வந்தார். பணியாளரின் உள்ளத்தை எழுத்தாளர் கண்டுகொண்டார். மருத்துவமும் சட்டமும் காண்பதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவை எப்படிக் கண்டன என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். டிக்கன்ஸ் கதை எழுதிய அதே 1866-ஆம் ஆண்டில், லண்டன் அறுவை மருத்துவப் பேராசிரியர் எரிக்சன் ஒரு நூல் வெளியிட்டார். விபத்தில் வெளிக்காயமின்றித் தப்பிய பயணிகள் சில நாள் சென்றபின் உறக்கமின்றியும் நினைவு தடுமாறியும் துன்புறுவதை அவர் விளக்கினார். முதுகுத் தண்டு அதிர்ந்ததே காரணம் என்று கருதினார்; ‘ரயில்வே முதுகுத் தண்டு’ என்றே அந்த நோய்க்குப் பெயர் வழங்கிற்று. 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்ற மருத்துவர் அக்கருத்தை மறுத்து, பெரும்பாலும் காரணம் தண்டிலன்று, மனத்தில் பாய்ந்த அச்சத்தில் உள்ளது என்றார். பேஜ் ஓர் இருப்புப்பாதை நிறுவனத்தின் மருத்துவர் என்பதையும் நீங்கள் கருத வேண்டும். பயணிகள் நிறுவனங்கள்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடர்ந்த காலம் அது. அந்த வாதம் முழுவதும் பயணிகளைப் பற்றியே நடந்தது. எஞ்சினில் நின்றவர் வழக்குத் தொடரவில்லை. ஆகவே அவரைப் பற்றிய வாதமும் எழவில்லை.

விபத்துகளிலிருந்து உலகம் பாடம் கற்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1889-இல் அயர்லாந்தில் ஆர்மா என்னுமிடத்தில் நேர்ந்த விபத்தில் 80 பேர் மாண்டனர். அதே ஆண்டில், பயணி வண்டி முழுவதிலும் தானே இயங்கும் பிரேக் இருக்க வேண்டுமென்று பிரிட்டனில் சட்டம் பிறந்தது. இவ்வாறு ஒவ்வொரு பெரிய விபத்தும் ஒரு கருவியையோ ஒரு விதியையோ தந்தது. தொழிலாளருக்கும் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். கை போனால் நூற்றுக்கு இவ்வளவு, கண் போனால் இவ்வளவு, விரல் போனால் இவ்வளவு என்று கணக்கு இருக்கும். உறக்கம் போனால் எவ்வளவு என்ற கணக்கு அதில் இல்லை.

முதல் உலகப் போர்தான் இவ்வகையில் கண்ணைத் திறக்கத் தொடங்கியது. குண்டு படாத வீரர்களும் பேச்சிழந்து நடுங்கியதை 1915-இல் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘குண்டதிர்ச்சி’ என்ற பெயரால் எழுதினார். வியட்நாம் போருக்குப்பின், 1980-இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சலைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகே ஆராய்ச்சியாளர்கள் எஞ்சின் ஓட்டுநர்களிடம் சென்றார்கள். லண்டன் சுரங்க ரயிலில், தாம் ஓட்டிய வண்டியின்முன் மனிதர் அகப்பட்ட ஓட்டுநர்களை ஒரு மாதம் சென்றபின் கண்டு பேசி எழுதிய ஆய்வு 1992-இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தது. வேறு பலரை மனச்சோர்வும் அச்சமும் பற்றியிருந்தன. நோயென்று சொல்ல முடியாதவர்களுக்கும் துன்பம் இல்லை என்று கொள்ளக்கூடாது.

அமெரிக்காவில் 2008-இல் வந்த ரயில் பாதுகாப்புச் சட்டமும், அதையொட்டி 2014-இல் வந்த விதிகளும் இன்னும் ஒரு படி முன்னே சென்றன. இத்தகைய விபத்தைக் கண்ட பணியாளர் விரும்பினால் அன்றைய மீதிப் பணியிலிருந்து அவரை விடுவிக்க வேண்டும், மனநல ஆலோசனைக்கு வழி செய்ய வேண்டும் என்று பெரிய இருப்புப்பாதை நிறுவனங்களை அவை பணித்தன. 1830-இலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். இந்தச் சிறு நியாயம் பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆயின.

சாலையில் லாரி ஓட்டுபவரின் நிலை ஒரு வகையில் இன்னும் கடியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. குறுக்கே பாய்ந்த குழந்தையைக் கண்டு கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த 17 மீட்டர் போய்விடும். விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு ஓட்டுநர் மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால் கூட்டத்தின் சீற்றம் போன்ற காரணங்களால் அது இயலாமற் போகலாம் என்று அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. நம் சினத்தைச் சட்டமே எதிர்பார்த்து எழுதியிருக்கிறது! குடித்துவிட்டு ஓட்டுபவரும், கண்மூடித்தனமாக விரைபவரும் தண்டனைக்கு உரியவர்களே. அவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் குற்றமற்றவரையும் குற்றவாளியையும் பிரித்தறிய அந்த நேரத்தில் ஒருவரும் நிற்பதில்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கில மெய்யியலறிஞர் 1976-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதே லாரி ஓட்டுநரை எடுத்துக்காட்டாகக் கொண்டார். தன் பிழையின்றி ஒரு குழந்தைமேல் வண்டியை ஏற்றிவிட்ட ஓட்டுநரின் துயரம், அருகில் நின்று பார்த்தவரின் துயரம் போன்றதன்று என்பது அவர் கருத்து. “உன்மேல் தவறில்லை” என்று நாம் சொல்வது சரியே. ஆயினும் அதைக் கேட்டவுடன் “ஆம், தவறில்லை” என்று தோளைத் தட்டிவிட்டுப் போகும் ஓட்டுநரைக் கண்டால் நமக்கே ஓர் ஐயம் தோன்றும். ஆகவே அந்தத் துயரம் அறியாமையால் வருவதன்று. அவர் நல்ல மனிதர் என்பதனால் வருவது. இதைப் படித்தபோதுதான் என் மாணவர் “தெரியும் ஐயா” என்று சொன்னதன் பொருள் எனக்கு முழுவதும் விளங்கிற்று.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அரியலூருக்கு அருகே, மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். வெள்ளத்தை அவர் அழைத்து வரவில்லை. பாலத்தை அவர் கட்டவில்லை. ஆயினும் பொறுப்பு என்னுடையது என்றார். அதை நாம் பெருந்தன்மை என்று பாடப்புத்தகத்தில் எழுதிப் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். அதே உணர்வு எஞ்சினில் நிற்கும் ஒரு தொழிலாளிக்கு வந்தால் மட்டும் அதை மனத்தளர்ச்சி என்றும், நாளடைவில் சரியாகிவிடும் என்றும் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

பணி ஓய்வு பெற்றபின் ஒரு நாள் அந்த மாணவரை நானே தேடிச் சென்றேன். “அன்றைக்கு நீ சொல்ல வந்ததை நான் சொல்ல விடவில்லை, இப்போது சொல், கேட்கிறேன்” என்றேன். அவர் முதலில் மறுத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அந்த மனிதரின் சட்டை நிறத்தைச் சொன்னார். மிதிவண்டியின் பின்னால் ஒரு தூக்குச்சட்டி தொங்கியதைச் சொன்னார். வண்டி நின்றபின் கீழே இறங்க முடியாமல் கால்கள் மரத்துப்போனதையும், வீடு திரும்பி மகளைத் தூக்கக் கை கூசியதையும் சொன்னார். “இன்றைக்கும் அந்தக் கேட் வரும்போது விதிக்கு மேலாகவே ஊதுகிறேன் ஐயா. உதவியாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். இருந்தாலும் ஊதுவேன்” என்றார். நான் அன்று அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. விடைபெறும்போது அவர் என்னோடு தெருமுனைவரை நடந்து வந்தார். முதல்முறை வந்தபோது அப்படி நடந்து வந்தவர் அல்லர்.

நம் நாட்டின் அகலப் பாதைகளில் ஆளில்லாத ரயில்வே கேட்டுகள் 2019-ஆம் ஆண்டு ஜனவரியோடு நீக்கப்பட்டுவிட்டன. இது பெரிய நன்மை. ஆயினும் கேட்டை மூடத்தான் அரசால் இயலும். குனிந்து நுழையாமல் நிற்பது நம் வேலை. மூடிய கேட்டின் முன் நிற்கும்போது உங்கள் உயிர் உங்கள் வீட்டாருக்கு எவ்வளவு அருமை என்று எண்ணுவீர்கள். அதனோடு, தொலைவில் விளக்கொளியோடு வரும் எஞ்சினில் ஒருவர் நிற்கிறார் என்பதையும், அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் எண்ணுங்கள்.

உங்களுள் பலருடைய வீட்டில் லாரி ஓட்டுபவர், பேருந்து ஓட்டுபவர், எஞ்சின் ஓட்டுபவர் இருப்பார்கள். அவர்களுள் ஒருவருக்கு இத்தகைய துன்பம் நேர்ந்து, அவர் உங்களிடம் ஏதோ சொல்லத் தொடங்கினால், “உன்மேல் தவறில்லை” என்று என்னைப்போல் அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். அவருக்கு அது தெரியும். அருகில் அமர்ந்து அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். உறக்கமின்றி அவர் வாடினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் இப்போது பேரப்பிள்ளைகளுக்கு மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லும்போது, மணியோசைக்கு விரைவதில்லை. வீதியில், கன்றின் அருகே, இளவரசனோடு சற்று நின்றுவிட்டுத்தான் மேலே செல்கிறேன்.